நூல் பிடித்தல்

எட்டாவது லயம், மூன்றாவது காம்பரா.
முகவரிக்கு விட்டிருந்த கட்டத்தில் இதைத்தான் எழுதினேன்.
மஸ்கெலியா கந்தோரில் ஒரு பிள்ளை,
கொழும்பிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள்,
பேனாவை நிறுத்திக் கேட்டாள்:
"லயமா? பாட்டில் வருமே, அதுவா?"

ஆமாம் மிஸ்.
பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே பைப்பு.
விடியற்காலை நாலரைக்கு வந்தால்
வாளிகள் போடும் தாளத்தைக் கேட்கலாம்.

அன்றிரவு சின்னவனின் அகராதியை இழுத்து வைத்தேன்.
லைன்.
அடேயப்பா, ஒரு பக்கம் முழுக்க.
கோடு, கயிறு, வரிசை, ரயில் ஓடும் தடம்,
நெற்றியில் விழும் சுருக்கம்,
நாடகக்காரன் மேடையில் மறந்துபோகிற வசனம்,
பட்டாளம் தங்கிய கொட்டில்களின் வரிசை.
கடைசியாகச் சொன்னதிலிருந்துதான்
எங்கள் தகரத்துக்கும் பெயர் வந்திருக்கும்.
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மூத்தவள்
"லைன் போடுறான் என்கிறதைக் காணோமே" என்றாள்.
உனக்கு யாரடி போட்டது என்றேன்.
பதிலில்லை. அதை நாளைக்குப் பார்ப்போம்.

கீழே, பொடி எழுத்தில், வேர்:
லினும். லத்தீன். ஆளிச்செடி.
அதன் நாரில் திரித்த நூல்.

நூலா?
என் அம்மாவையும் என்னையும் பெற்றுப்போட்ட சொல்,
பத்தடிக்குப் பன்னிரண்டடிச் சொல்,
மழைக்கு ஒழுகும் சொல்,
ஒரு செடியின் நாரா?

ஞாயிற்றுக்கிழமை மரியசூசை பாஸ் வந்தார்.
கீழ்ப்பிரிவுச் சரிவில் எங்களுக்கு ஏழு பேர்ச்சஸ்.
மூலைக்கொரு குச்சி அடித்தார்,
மஞ்சள் நைலான் நூலைச் சுற்றினார்,
மறுமுனையை என் கையில் தந்தார்.
"லைனைப் புடிங்க தங்கச்சி. தொய்ய விடாதீங்க."

பிடித்தேன்.
முப்பது வருஷம் நிரை பிடித்த கை.
அவர் நடுவில் வந்து ஒரு விரலால் சுண்டினார்.
நூல் மெல்ல முனகியது.
கந்தோர்ப் பிள்ளை கேட்ட லயம்
இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

பிறகு தூறல்.
நூல் நெடுக நீர்த்துளிகள் தொங்கின.
பாஸ் சீமெந்து மூட்டைக்கு உறை தேடி ஓடினார்,
நான் மட்டும் நூலை விடாமல் நின்றேன்.

நாலு பக்கமும் எங்கள் சுவர்.
நல்லதுதான்.
ஆனால் ராத்திரியில்
நாலாவது காம்பரா சவுரியம்மா இருமாவிட்டால்
எனக்குத் தூக்கம் வருமா,
தெரியவில்லை.