புறங்கை முத்தம்

புதாபெஸ்ட், பிப்ரவரி.
டப்பிங் அறையின் ஹீட்டர் முனகினால்
மைக் அதையும் பிடித்துக்கொள்ளும்,
அதனால் அணைத்துவிடுவோம்.
கம்பளிக் கோட்டோடு நின்றுதான்
மோகித்தார்கள் இருவரும்.

பிரெஞ்சுப் படம். ஒரே டிக்கெட்டில்
நான்கு காதல், நான்கு படுக்கை என்று போஸ்டர்.
லிஃப்டில் ஒன்று, நீச்சல்குளத்தில் ஒன்று,
மூன்றாவது ஏனோ சமையலறை,
கடைசியில் இரவு ரயில்.
நான்கு பெண்களுக்கும் பிரோஷ்கா குரல்.
நான்கு ஆண்களுக்கும் ஓட்டோ.
சிக்கனம்.
இவர்கள் விவாகரத்தாகி ஆறு வருடம் என்று
தயாரிப்பாளருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
காதுகளோடு உட்கார்ந்திருப்பவன் நான்.

முத்தத்துக்கு அவரவர் புறங்கை.
"காலையில் வெங்காயம் நறுக்கினேன்"
என்றாள், உதட்டைத் துடைத்தபடி.
ஓட்டோ தன் கையை
அக்கறையாய் முத்தமிட்டான்,
கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டு.
"இன்னும் கொஞ்சம் மூச்சு" என்றேன்.
கொடுத்தார்கள். தொழில்காரர்கள்.
லிஃப்டும் குளமும் மதியத்துக்குள் முடிந்தன.

மூன்றாவதில் யாரும் எதையும் அவிழ்க்கவில்லை.
அவள் தட்டு துடைக்கிறாள்.
அட்டைப்பெட்டியோடு அவன்.
"சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போ."
தாளில் அவன் பதில்: "சரி."
ஓட்டோ கேட்டான்: "எந்தச் சாவி?"

பிரோஷ்கா சிரித்துவிட்டாள்.
திரையில் அந்தப் பெண்
வாயை இறுக மூடியிருந்தாள்.

ஊடலுக்கு ஒரு கணக்கு உண்டு,
உப்பைப் போல, என்பார்கள்.
கூடிப்போன உப்பை
என்ன செய்வதென்று யாரும் சொல்வதில்லை.

ஏழு டேக்.
ஒவ்வொரு "சரி"யும் முந்தியது அல்லது பிந்தியது.
ஒருமுறை அந்த நடிகன் வெளியே போய்
கதவும் சாத்திய பிறகு
காலி அறையில் வந்து விழுந்தது.

ஏப்ரலில் தியேட்டரில் போய்ப் பார்த்தேன்.
லிஃப்டுக்கு விசில்.
குளத்துக்குப் பொய் இருமல்.
சமையலறைக்கு,
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த
பின்வரிசைக் கிழவர்
திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்:
"வெச்சுடாதேடா."
யாரும் அவரை அதட்டவில்லை.
ரயில் வந்ததும் பாதிப்பேர்
கோட்டைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு என் மேசை டிராயரில் இருக்கிறது.
பெயர் ஒட்டாத டேப், நான்கு விநாடி.
வேறு படங்களில் போட்டுப் பார்த்தேன்.
எந்த நடிகையின் உதட்டிலும்
உட்கார மறுக்கிறது.