இருந்த இடத்திலிருந்து

மனாகுவாவில் பல தெருக்களுக்குப் பெயரில்லை.
இருந்தாலும் யாரும் அதைச் சொல்லி வழி கேட்பதில்லை.
எங்கள் தண்ணீர் கேன் கம்பெனியின் விலாசப் புத்தகம்
இப்படித்தான் இருக்கும்:
சோப்புத் தொழிற்சாலை இருந்த இடத்திலிருந்து
ஏரிப் பக்கம் இரண்டு தெரு,
மேலே ஒன்றரை, பச்சைக் கேட், நாய் கடிக்கும்.
மேலே என்றால் கிழக்கு, சூரியன் ஏறி வரும் திசை.
கிழக்கு என்ற சொல்லுக்குள் கீழை வைத்திருப்பவர்கள்
இங்கே லாரி ஓட்டக் கூடாது.
சோப்புத் தொழிற்சாலை பூகம்பத்தில் போனது,
நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்னால்.

"வாடிக்கை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது,
படமாகப் பார்க்க வேண்டும்" என்றார் முதலாளி எர்லிண்டா.
"மென்பொருளை நீயே தேர்ந்தெடு. வெள்ளிக்கிழமைக்குள்."
கணக்கு எழுதுகிறவளுக்கு எல்லாக் கணக்கும் வரும் என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

முதலாவது, பதினான்கு நாள் இலவசம்.
அஞ்சல் குறியீடு கேட்டது. கட்டாயமாம், சிவப்பு நட்சத்திரம்.
சுழியம் போட்டேன்,
ஏமாற்றிவிட்ட திருப்தியோடு.
எண்ணூற்று நாற்பத்தாறு பேரையும் அள்ளிக்கொண்டு போய்
ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் இறக்கியது.
பல் டாக்டர், மூன்று சலூன், டயர் கடை,
கன்னிமார் நடத்தும் பள்ளிக்கூடம்,
எல்லோரும் ஒரே புள்ளியில், உப்பு நீருக்கு நடுவே,
எங்கள் கேனுக்குக் காத்துக்கொண்டு.

இரண்டாவது அழகு.
விற்பனை ஏறினால் சிவப்பு, தேய்ந்தால் நீலம்,
தணல் மாதிரி பரவும்.
ஆளுக்கு மாதம் நாற்பது டாலர்.
திரையில் வந்த விற்பனையாளர் அர்மின்
"பாருங்கள், உங்கள் சந்தையின் இதயம்" என்றார்.
இதயம் பழைய தேவாலயத்தின் மேல் கனன்றது.
சுவர் விரிசல் விட்டுப் பூட்டிக் கிடக்கிறது அது.
அங்குள்ள புறாக்கள் எங்களிடம் தண்ணீர் வாங்குவதில்லை.
விலாசம் புரியாவிட்டால் ஊர் நடுவில் குத்திவிடுமாம்,
அதை அவர் சொல்லவில்லை.
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த
லாரிக்கார நோர்லான்தான் சொன்னான்:
"புரியாததை இவ்வளவு சிவப்பாக
நான் பார்த்ததே இல்லை."

மூன்றாவதற்கு வரிப் படிவத்தின் முகம்.
ஆனால் கையால் புள்ளி குத்த விட்டது.
போட்ட தகவலைக் கேட்டால் முழுசாகத் திருப்பிக் கொடுத்தது.
நமக்கு வேண்டிய பத்தியை நாமே சேர்க்கலாம்.
'முன்பு என்ன இருந்தது' என்று ஒன்று சேர்த்தேன்.

நாலு நாள் லாரியின் முன்சீட்டில்.
கேட்டுக்குக் கேட்டு இறங்கிப் புள்ளி வைத்தேன்.
நாய் கடிக்கும் என்பது உண்மை.

வியாழன் ராத்திரி,
ஆறு மாதமாய் வாங்காதவர்களுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தேன்.
ஒரே தெருவில் பதினொன்று, வரிசையாக.
"போட்டிக் கம்பெனி நுழைந்துவிட்டான், விலையைக் குறை" என்றார் எர்லிண்டா.
நோர்லான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
"அங்கே ஆளே இல்லை.
முதலில் தையல்காரியின் மகன் வடக்கே போனான்.
அப்புறம் எதிர்வீடு. அப்புறம் தையல்காரி.
கடைசி வீட்டுக்கு நான்தான் பஸ் நிலையம் வரை
பெட்டி ஏற்றிக்கொண்டு போனேன்.
காலி கேன் ஒன்று கடன் நிற்கிறது."

மென்பொருள் கேட்டது: இழப்புக்குக் காரணம்?
விலை. சேவை. போட்டியாளர். மற்றவை.
மற்றவையை அழுத்தினேன், பதினொரு தடவை.
எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற ஒரு பொத்தான் உண்டு,
எனக்கும் தெரியும்.

வெள்ளியன்று மூன்றாவதையே வாங்கினோம்.
வருடச் சந்தாவுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.
எர்லிண்டாவுக்கு இன்னும் அந்தத் தணல் நிறத்தின் மேல் ஒரு கண்.

திங்கட்கிழமை ஒரு புது அழைப்பு.
வாரம் நாலு கேன் வேண்டும், விலாசம் எழுதிக்கொள் என்றாள்:
"மே மாதம் உங்கள் லாரி அச்சு முறிந்து
மூன்று நாள் நின்றதே,
அந்த இடத்திலிருந்து கீழே ஒரு தெரு."