சரக்கு: உமி

புதுவயல் எடைமேடையில் லாரி ஏறி நிற்கிறது.
எண்பத்து மூன்றில் பின்கட்டில் ஒட்டவைத்த
குளியலறைகள் நான்கும்
இப்போது அதன் முதுகில்.

கணினி சரக்கின் பெயர் கேட்கிறது.
நெல், அரிசி, குருணை, தவிடு, உமி.
அரிசி ஆலைகளுக்கென வாங்கிய கணினி,
வேறொன்றும் தெரியாது அதற்கு.
"எதப் போட?" என்றார் சவரிமுத்து.
"இருக்கறதுல லேசானதப் போடுங்க."
உமி.
ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
சீட்டை மடித்துக் கோப்பில் வைத்தேன்.

ஒரு வீட்டைப் புதுப்பித்தால்
காற்றின் தலையில் எவ்வளவு கடன் ஏறும்
என்று கணக்கெழுதுவது என் பிழைப்பு.
ஐந்தொகை போட்டுப் பழகிய சீமையில்
இதை விளக்கச் சிரமமே இல்லை.
"பற்று எது, வரவு எது, அதச் சொல்லுங்கம்மா"
என்றார் சிங்கப்பூரிலிருந்து அடைக்கப்பன்,
பதினேழு பங்காளிகளுக்கும் சேர்த்து,
கைபேசித் திரையில் பாதி நெற்றியாக.

சொன்னேன்.
பள்ளத்தூர் வீட்டை இடித்துக் கட்டினால் எழுநூற்று எண்பது டன்.
இருப்பதைச் சீர்செய்தால் நூற்றிருபது.
மிச்சம் அறுநூற்று அறுபது.
நிற்கிற சுவருக்கும் உத்தரத்துக்கும்
அறுபத்தெட்டுத் தூணுக்கும்
முறைப்படி பூஜ்யம்.
பழைய செலவு, எழுதி முடித்தது.

அந்தப் பூஜ்யத்தில் விரல் நின்றது.
பர்மாவில் ஏதோ ஒரு மலைச்சரிவு
மொட்டையாகிக் கப்பலேறிய நாள்
இந்த வீட்டின் எந்தப் பேரேட்டிலும் இல்லை.
அசலும் வட்டியும் கேட்க
அங்கிருந்து எவரும் வரப்போவதில்லை.
பூஜ்யம் என்றே தட்டினேன்.
படிவத்தோடு சண்டைபோட
எனக்குக் கூலி பேசவில்லை.

அப்புறம் பதினாறு அறை, பதினாறு ஏசி,
மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் நீச்சல்குளம்.
வருஷத்துக்கு அறுபத்தாறு டன்.
"பத்தாம் வருஷம் மிச்சம் தீந்துரும் சார்."
திரையில் நெற்றி இறங்கிக் கண் வந்தது.
"அப்ப பச்சைச் சான்றிதழ்?"

சித்திரை, மதியம் இரண்டரை.
முற்றத்தில் நாற்பது காட்டியது.
இரண்டாம் கட்டு வடக்கு அறையில்
நான் தொங்கவிட்ட வெப்பமானி முப்பத்தொன்று.
மூன்று நாளும் முப்பத்தொன்று.
"ஆறு அறைய அப்படியே விடுங்க. காத்தாடி போதும்."
"வர்றவங்க கேப்பாங்களேம்மா."
"கேட்டா, கதவத் திறந்து உள்ள நிறுத்துங்க."
பேச்சு அறுந்தது.
சிக்னலா, யோசனையா, தெரியவில்லை.

கழிவு சேருமிடம் என்றொரு கட்டம் படிவத்தில் உண்டு.
அனுமதி பெற்ற கிடங்கு என்று எழுதிவிட்டு
அடுத்த பக்கம் போவதே வழக்கம்.
அன்றைக்கு என்னவோ
லாரியின் பின்னாலேயே போகச் சொன்னேன்.
சீமைக்கருவேலப் புதருக்குள் திரும்பி
முதுகைத் தூக்கிக் கொட்டியது.
செங்கல், கம்பி, மேலாக
நீலப் பீங்கான் மலத்தொட்டி ஒன்று, உடையாமல்.
கொட்டிய இடம்
ஊருணிக்குத் தண்ணீர் போகும் வரத்துக்கால்.
அந்த வீட்டுக் கூரையின் மழையும்
இந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

"மழைக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு மேடம்"
என்றார் ஓட்டுநர்.
அவரைச் சொல்லி என்ன.
என் கணக்கிலும் இது
பன்னிரண்டு கிலோமீட்டர் டீசல் மட்டும்,
புள்ளிக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் தள்ளி.

இரவு காரைக்குடி விடுதியில் ஏசியை அணைத்துவிட்டு
அறிக்கையைத் திறந்தேன்.
இருபது நிமிடம்.
வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.
போட்டுக்கொண்டேன்;
அதையும் என் பயணச் செலவில் ஏற்றினேன்.

கடைசிப் பக்கத்தில்
யாரும் கேட்காத ஒரு குறிப்பு:
வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது.
அள்ளிய பிறகே கையெழுத்து.
இணைப்பு: எடைச்சீட்டு ஒன்று.
சரக்கு, உமி.
திருத்தவில்லை.