பம்பு

கோயமுத்தூருக்குப் பம்பு பார்க்கப் போறேன் என்றேன்.
பொய்யில்லை.
"அஞ்சு எச்பியா, ஏழரையா?" என்றாள் துளசிமணி,
அடுப்பைப் பார்த்தபடியே.
பன்னெண்டு போர் என்று நான் சொல்லவில்லை.
எங்கள் காட்டில் ஏற்கெனவே நாலு போர் போட்டாயிற்று.
மூன்றில் புகைதான் வந்தது.

சிங்காநல்லூரில், இழுத்து மூடிய பவுண்டரிக்குப் பின்னால்
கிருபாகர் நாயுடுவின் வீடு.
ஆயுசு முழுக்கப் பம்பு செய்து விற்றவர்
மேசைமேல் பழைய பெட்சீட் விரித்து
இதைக் கிடத்தியிருந்தார்,
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆளைப் போல.
"வெளிநாட்டுச் சாமானுங்க. இருபத்திரண்டு வருசம்.
எங்காச்சும் துரு இருந்தாச் சொல்லுங்க."
துரு இல்லை.
எலெக்சனுக்கு எலெக்சன் ஸ்டேசனில் ஒப்படைத்த ரசீதுகள்
ஒரு கட்டு, ரப்பர் பேண்டு போட்டு.
சுட்டதைவிட அங்கே தூங்கினதுதான் அதிகம் போல.

கட்டையின் இடப்பக்கம் மெருகு தேய்ந்திருந்தது,
அவர் கன்னம் கிடந்த இடம்.
என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.
ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தது.

"காலிதான், நீங்களும் ஒருக்காப் பாத்துக்கங்க.
இப்ப பின்னால இழுத்து முன்னால தள்ளுங்க."
சரக். சரக்.
இந்தச் சத்தத்துக்குத்தான் விலை என்று தெரிந்துபோனது.
இன்னொரு தடவை தள்ளினேன்.
இன்னொரு தடவை.

லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது.
பருப்புக் கொள்முதலுக்கு ரொக்கம் கொண்டுபோகையில்
உயிருக்கு ஆபத்து என்று எழுதி வாங்கியது.
இப்போது ரொக்கமெல்லாம் போனிலேயே போய்விடுகிறது.
ஆபத்து கடனாக மாறி
வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.
வருகிற பங்குனிக்குள் ஒன்று வாங்காவிட்டால்
அந்தத் தாள் வெறும் தாள்.

"எதைச் சுடப் போறீங்க?"
பில் போடுகிறவர் குரலில் கேட்டார்.
கௌதாரி என்று வாய்வரை வந்தது.
கௌதாரிக்குக் கேசு. காடைக்கும் கேசு.
மயிலென்றால் ரேஞ்சருக்கும் பதில் சொல்ல வேண்டும்,
முருகனுக்கும்.
விதைத்த கடலையை நோண்டித் தின்றுவிட்டு
போன வாரம் என் களத்தில்தான் தோகை விரித்து நின்றது,
காய்கிற கொப்பரைக்கு நடுவில்,
என்னைக் கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொண்டு.

"சும்மா வெச்சுக்கலாம்னுதானுங்க" என்றேன்.
"நானும் அப்படித்தான் வாங்குனேன்."
சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.
"சூலூர்க் கொளத்துல ஒண்ணு விழுந்துச்சுங்க.
கோரைக்குள்ள எறங்கித் தேடினேன்,
டார்ச் அடிச்சுத் தேடினேன்.
கெடைக்கவேயில்லீங்க."
அப்புறம் விலையில் ஐயாயிரம் குறைத்தார்,
நான் கேட்காமலே.

அட்வான்சும் கொடுக்கவில்லை,
வேண்டாமென்றும் சொல்லவில்லை.
பல்லடம் தாண்டிக் காங்கயம் வரும்வரை
காற்றாடிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பொழுது இறங்க, கொறங்காட்டுக் கடவைத் தள்ளினேன்.
கிளுவை வேலிக்கடியிலிருந்து விர்ரென்று எழும்பின
கௌதாரிகள், அஞ்சோ ஆறோ.
இடது கை தானாக முன்னே நீண்டது.
பின்னால் இழுத்தது, முன்னால் தள்ளியது.
சத்தத்தை வாய் போட்டது.
சரக். சரக்.
வெள்ளாடு ஒன்று மேய்வதை விட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தது.

"பம்பு அமைஞ்சுதா?"
"பழசுதான். நல்ல கண்டிசன்."
"பழசு வேண்டாங்க.
யாரோ ஓட்டி வெச்சதைக் கொண்டாந்து
நம்ம போர்ல எறக்குனா உள்ளயே சிக்கிக்கும்.
அப்பறம் வெளிய எடுக்கறதுக்கு
வாங்குனதுக்கு மேல செலவு."

ரசம் ஊற்றினாள்.
போன் அடித்தது. சிங்காநல்லூர் நம்பர்.
எடுக்கவுமில்லை, கட் பண்ணவுமில்லை.
அடித்து ஓயும்வரை
சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.