பக்கம் நாற்பத்தேழு

ஐம்பது நிமிடம் முழங்காலில்,
பத்து நிமிடம் பாலைமர நிழலில்.
மாங்குளத்துக் காட்டோரம் இதுதான் எங்கள் மணிக்கூடு.
அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான்
முகக்கவசத்தை மேலே தூக்கிவிட்டு
நான் ஒரு கம்பனியின் பங்காளியானேன்.

'கூடை' என்று பெயர்.
கைபேசியைத் தொட்டால் வாசலுக்கு வெங்காயம் வரும்.
கொழும்பில் பாதிச் சனம் அதில்தான் சமைக்கிறதாம்.
பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறது,
பங்கு பதினெட்டு ரூபா.
துவாரகன் வவுனியாவில் இருந்து எடுத்தான்:
"முதல்நாளே முப்பது தொடும் அக்கா.
பிந்தினால் கிடையாது."
இலாபம் இல்லாத கடைக்கு ஏன் இந்த விலை என்றேன்.
"இது கடை இல்லை அக்கா, தளம்."
தளம் என்றால் எங்கள் ஊரில் வேறு பொருள்.
இருந்தும் நான் மேலே கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அவன் எதையும் மறைக்கவில்லை.
முன்விபரணத்தை முழுசாக அனுப்பினான்,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நாற்பத்தேழில் நல்ல தமிழில் கிடந்தது:
"கம்பனி இதுவரை இலாபம் ஈட்டியதில்லை.
இனிமேலும் ஈட்டாமல் போகலாம்."
ஜெயராகினிக்கு வாசித்துக் காட்டினேன்.
தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டே சொன்னாள்:
"தலையோட்டுப் பலகையை இவ்வளவு வடிவாய்
ஒருத்தரும் நட்டதில்லையடி."

பலகை நட்டால் மட்டும் நின்றோமா நாங்கள்?
இரும்புக்குக் கிலோ விலை ஏறிய வருஷம்
பலகையைத் தாண்டிப் போனவர்களை எனக்குத் தெரியும்.
வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர்.
வரும்போது பலகையையும் கழற்றி
இரும்போடு நிறுத்து விற்றவர்கள்.

எட்டாயிரம் பங்கு.
ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்.
நன்கொடை நாடு கைவிரித்தால்
அடுத்த வருஷம் இந்த வேலை இராது என்று
சிறுகச் சிறுகச் சேர்த்தது.

முதல்நாள் இருபத்தாறு நாற்பது.
அன்றைக்கு முழங்கால் நோகவில்லை.
குழுவில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கினேன்.
விற்கவில்லை,
முப்பது தொடட்டும் என்று இருந்தேன்.
பிறகு இருபத்தொன்று. பதினாறு.
ஆறாம் மாதம் பூட்டுக்காலம் முடிந்ததாம்;
முந்தியே ஒற்றை ரூபாவுக்கு வாங்கியவர்கள்
கதவு திறந்ததும் இறங்கிப் போனார்கள்.
ஏழு ரூபா பத்துச் சதம்.
அதுவும் ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது.
அவ்வளவு தூரம் நான் போகவில்லை.

எனக்குத் தெரிந்த நிலம் பொறுமையானது.
கருவி கத்தினால் சுரண்டுவேன்:
சோடா மூடி, ஆணி, ஒரு சட்டைப் பொத்தான்,
எப்போதாவது ஒரு ஜொனி.
பார்த்து முடித்த இடத்தில் வெள்ளைத் தடி குத்தினால்
அது நாளைக்கும் வெள்ளைத் தடிதான்.
இரவில் இப்போது யாரும் வந்து
புதைத்துவிட்டுப் போவதில்லை.
விலைக்கு அப்படியொரு தடி கிடையாது.
நேற்றுப் பார்த்த இடத்தையே
இன்றைக்கும் முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

கோபம் அதில் இல்லை எனக்கு.
போன சனிக்கிழமை, என்னுடைய கடைதானே என்று
செயலியை இறக்கினேன்.
இரண்டு கிலோ வெங்காயம், ஒரு சவர்க்காரம்.
மாங்குளம், ஒட்டுசுட்டான் வீதி.
சின்னக் கூடையொன்று சுற்றிச் சுற்றி வந்து நின்று சொன்னது:
"மன்னிக்கவும்,
உங்கள் பகுதிக்கு எமது சேவை இன்னும் இல்லை."

சந்தியில் அற்புதராசாவின் கடையில் வாங்கினேன்.
மீதிக் காசுக்கு இரண்டு ரொபி தந்தார்.

துவாரகன் இன்றைக்கும் எடுத்தான்.
"நீண்டகாலம் பாருங்கோ அக்கா,
பிடிச்சுக்கொண்டு இருங்கோ..."
விசில் ஊதிவிட்டார்கள்.
"நான் உள்ளுக்குப் போறன் தம்பி,
ஐம்பது நிமிஷம் செல்லும்."

முகக்கவசத்தை இறக்கினேன்.
இன்றைக்கு இதுவரை
ஒன்றரை மீற்றர்.