மூன்றா எட்டா

இணைப்பு தெளிவாக இல்லை
என்று ஒரே வரியில் திரும்பி வந்திருக்கிறது
முப்பத்தெட்டு லட்சம் கடன்.

எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.
பதினாறையும் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
ஓர் அளவுக்கு மேல் எழுத்து எழுத்தாக இருப்பதில்லை,
சாம்பல் கட்டங்கள்,
மேம்பாலத்திலிருந்து தெரியும் பீன்யாவின் தகரக் கூரைகள்.

விதிகள் எனக்கு மனப்பாடம்.
ஏ நான்கு தாள். கறுப்பு மை. கோணல் ஆகாது.
வண்ணம் வேண்டாம்.
இடது ஓரம் ஒன்றரை அங்குலம் சும்மா கிடக்க வேண்டும்.
ருத்ரேஷின் மனைவி கையெழுத்து மட்டும்
அங்கேதான் போய் விழுகிறது,
ஜாமீன்தாரர் என்ற சொல்லிலிருந்து
கொஞ்சம் தள்ளி நிற்கப் பார்ப்பது போல.
எடை ஆறு எம்.பி.யைத் தாண்டக் கூடாது.
குறைக்கக் குறைக்க
முத்திரையில் சிங்கங்கள் முதலில் போகும்,
அப்புறம் தேதி, சாட்சிகளின் முகவரி.
தொகை போகவே போகாது.
அதைத் தடித்த எழுத்தில் அடித்திருப்பார்கள்.

பதினோராம் பக்கம்.
ஈடு வைத்த கடைசல் இயந்திரத்தின் எண்:
படத்தில் உள்ளபடி,
என்று எழுதித் தப்பித்திருக்கிறார் வங்கிக்காரர்.
படத்தில் கடைசி இலக்கம் மூன்றா எட்டா
படம் எடுத்தவனுக்கே தெரியாது.

ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்றார் போனில்.
வைதேகி மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
அந்த ஏதாவது ஒன்று
ராஜாஜிநகரில் வேறு எவனுடையதாவது இருந்தால்?

பச்சை வழி மெட்ரோவில் நின்றுகொண்டே போனேன்.
பட்டறையில் ருத்ரேஷ் இல்லை.
பிஷ்ணு சரண் மோட்டாரை நிறுத்தி
வேஸ்ட் துணியில் மண்ணெண்ணெய் நனைத்தான்,
பின்பக்கத் தகட்டுக்குக் குனிந்தான்,
துடைக்காமல் நிமிர்ந்தான்.
மேடம், இது பூஜை.

போன ஆயுத பூஜையின் குங்குமம்,
எண்ணெயில் குழைந்து, காய்ந்து,
இலக்கத்தின் திறந்த பக்கத்தை அடைத்திருந்தது.

நாகரத்னாவைக் கூப்பிட்டு வந்தான், மாடியிலிருந்து.
மாவு படிந்த கை.
வைத்தவள் நான்தானே என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு
கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள்.
தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்.
மூன்று.

வந்ததே வந்தேன் என்று
கடைசிப் பக்கத்தையும் நீட்டினேன்.
ஸ்கேனில் உங்கள் பெயர் பாதிதான் வருகிறது.
உற்றுப் பார்த்தாள், கோர்த்த வட்டங்களில்
வெட்டுப்பட்டது போக மிஞ்சிய இரண்டை.

முழுசாகத் தெரியாவிட்டால்
இதில் நான் இல்லை என்று அர்த்தமா?

திருப்பி அனுப்புவார்கள் என்று அர்த்தம்.

அவள் கேட்டது அதுவல்ல.
எனக்குத் தெரியும், அவளுக்கும்.
மேலே குக்கர் இரண்டாம் விசில் அடித்தது.
பேனாவை வாங்கி, கட்டத்துக்குள்,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினாள்,
ஒவ்வொரு வட்டமாக மூடி.

இரவு பதினொன்று நாற்பது. இன்றுதான் கெடு.
ஐந்து புள்ளி ஒன்பது எம்.பி.
கடைசிப் பக்கத்தின் இடது ஓரத்தில்
அவள் தாளைப் பிடித்த இடம்,
சிவப்பு, கறுப்பு வெள்ளையில் கறுப்பாக,
ஒரு விரல்நுனி.

தூசி நீக்கு என்றொரு பொத்தான் இருக்கிறது.
ஓரத்தில் எழுதத்தான் கூடாது.
இது எழுத்து இல்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
அனுப்பினேன்.
எண்பத்தேழு சதவீதத்தில் நின்று
சுற்றிக்கொண்டே இருக்கிறது.