கேட்டுவிட்டுச் செய்

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் எடைபோடும் கடையின் மாடி.
புகைபோட்ட ஷீட்டின் வாடை
படியேறி வந்து கீபோர்டில் உட்காரும்.
மழை. இரவு ஒன்பதரை.
கறுப்புத் திரையில் கர்சர் மட்டும்
முழித்துக்கொண்டிருக்கிறது.

நேற்று நான் ஒரு நட்சத்திரம் போட்டேன்.
வானத்து நட்சத்திரம் இல்லை,
எட்டாம் எண்ணின் தலைமேல் இருக்குமே, அது.
எந்தக் கட்டளை ஆனாலும் எந்தக் கோப்பு ஆனாலும்
என்னைக் கேட்காதே என்று அதற்கு அர்த்தம்.
அதுவரை ஏஜென்ட் கேட்டுக்கொண்டேதான் இருந்தது:
இதைத் திறக்கலாமா
இதைப் படிக்கலாமா
இந்த வரியை மாற்றலாமா.
முப்பத்தேழாவது தடவை கை கடுத்தது.
பேச்சிப்பாறைக்குக் கடைசி பஸ், ஆறு நிமிடம்.
நட்சத்திரத்தைப் போட்டேன்
குடையை எடுத்தேன்.

பழைய கணக்கை ஒழுங்குசெய், அவ்வளவுதான் நான் சொன்ன வேலை.
ஒழுங்கு என்றால் என்னவென்று சொல்லவில்லை.
அது கேட்கவில்லை,
கேட்காதே என்றவள் நான்தானே.
ஓராண்டாக அசையாத பெயர்களை எல்லாம்
சிரட்டையிலிருந்து ஒட்டுப்பாலைப் பிய்ப்பதுபோலப் பிய்த்து
காலையில் துடைத்து வைத்திருந்தது.
ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டென்று
அதற்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?
பதிவில் ஒரே வரி:
பயனில்லாத நாற்பத்தொரு கணக்குகள் நீக்கப்பட்டன.

நாற்பத்தொன்றில் ஒருவர் வெட்டுக்காரர் தாசையன்.
அசையாததற்குக் காரணம் இருந்தது.
போன வருஷம் இடவப்பாதியில், விடியுமுன்,
களியல் பக்கத்துத் தோட்டத்தில் பாம்பு.
தலையில் கட்டிய லைட் அணையாமலே கிடந்தாராம்.
பெயருக்கு நேரே முன்பணப் பாக்கி
பதினோராயிரத்து நானூறு.

இன்று மத்தியானம் ரோஸ்லெட் வந்திருந்தாள்,
ஐந்நூறு ரூபாயை நாலாக மடித்து.
அப்படி ஒரு கணக்கே இல்லை என்றான் பில் போடும் பையன்.
“நல்லா பாரு பிள்ளே,
அவருக்க பேரு அதுல உண்டாக்கும்.”
இல்லை அக்கா, கடன் இல்லை, போங்க.
அவள் சிரிக்கவில்லை.
நனைந்த நோட்டோடு நின்றாள் கொஞ்ச நேரம்,
திரும்ப ஒருமுறை பார்க்கச் சொன்னாள்.
பிறகு போனாள்.

இப்போது விதிகளை எழுதுகிறேன்.
படிக்கலாம்: எடைச்சீட்டும் விலைப்பட்டியலும்.
எழுதலாம், வரைவு என்கிற ஒரே கோப்புறைக்குள்.
நீக்கக் கூடாது.
வங்கிக் கணக்குப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.
மிச்சம் எல்லாம் கேட்டுவிட்டுச் செய்.
அனுமதியும் மறுப்பும் ஒரே வாசலில் மோதினால்
மறுப்புதான் ஜெயிக்கும்.
(வீட்டில் என் மறுப்புக்கு
இப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை.)

சேமித்தேன். பேக்அப்பைத் திறக்கச் சொன்னேன்.
ஒவ்வொரு பெயராகக் கேட்கத் தொடங்கியது.
ஆம். ஆம். ஆம்.
அருமனைக்காரர், ஆம். திற்பரப்பு ஒட்டுப்பால் வியாபாரி, ஆம்.
நாற்பது பெயர், எண்டர் தேயத் தேய.
யோசிக்கவில்லை.

தாசையன்.
பாக்கி பதினோராயிரத்து நானூறு.
திரும்பச் சேர்க்கலாமா? ஆம் / இல்லை

ஆம் என்றால்
ரோஸ்லெட்டின் ஐந்நூறுகள் இன்னும் இருபத்துமூன்று முறை
மழையில் நனைந்து வரவேண்டும்.
இல்லை என்றால்
இந்தக் கடையில் அந்த மனுஷன் பால் வெட்டியதே கிடையாது.
பெயரை வை, தொகையை எடு
என்று ஒரு மூன்றாவது பதில் உண்டு.
அது முதலாளியின் பணம்.
அந்த அனுமதி
எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

கீழே சந்தை முக்கில் பேச்சிப்பாறை பஸ்
ஹாரன் அடித்துத் திரும்புகிறது.

கேட்டுவிட்டுச் செய் என்றேன்.
கேட்டுவிட்டது.